தினம் 313 கிரான் மெயில் வருகிறது, எல்லாவற்றையும் டெவ் நல்லுக்குத் திருப்பிவிடலாமா?

வணக்கம். நீங்கள் எழுதியதை என் வார்த்தைகளில் ஒருமுறை சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். உங்கள் பொறுப்பில் இரண்டு உபுண்டு சர்வர்கள் இருக்கின்றன. முதல் சர்வரில், குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரானின் பட்டியலில், அதாவது கிரான்டேபில், மூன்று வேலைகள்: ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கர்ல் என்ற கட்டளை கொண்டு ஒரு வலைமுகவரியை அழைப்பது, மணிக்கு ஒருமுறை சில கோப்புகளை வேறிடத்துக்கு நகலெடுப்பது, இரவு 2 மணிக்கு மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் பேக்கப் எடுப்பது. ஒவ்வொன்றும் ஓடி முடிக்கும்போதெல்லாம் உங்களுக்கு ஒரு மெயில் வருகிறது. 288, 24, 1 என்று கூட்டினால் நாளுக்கு 313. வரியின் கடைசியில் டெவ் நல் (போட்டதையெல்லாம் விழுங்கிவிடும் ஒரு போலிக் கோப்பு) சேர்த்தால் எல்லாம் நின்றுவிடும் என்று அலுவலகத்தில் ஒருவர் சொல்லியிருக்கிறார். அப்படிச் செய்யலாமா என்பது உங்கள் முதல் கேள்வி. இரண்டாவது சர்வரில் இதே மாதிரி வேலைகள் இருந்தும் இதுவரை ஒரு மெயில்கூட வரவில்லை, ஏன் என்பது அடுத்த கேள்வி.

மெயில் குறைய வேண்டும் என்பதுதான் உங்கள் கேள்வியின் மேல்தோற்றம். ஆனால் இரவு பேக்கப் ஓடாமல் போனால் காலையில் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது. டெவ் நல் முதலாவதைத் தரும், இரண்டாவதைப் பறித்துக்கொள்ளும். அதனால் பேக்கப் வரியில் அதைச் சேர்க்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். உண்மையில் 313 மெயில் வரும் சர்வரைவிட, ஒன்றுமே வராத அந்த இரண்டாவது சர்வரைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம்.

கிரான் எப்போது மெயில் அனுப்புகிறது என்பது தெளிவாகிவிட்டால் மற்றதெல்லாம் எளிது. இன்று லினக்ஸில் நாம் பயன்படுத்தும் கிரான்கள் பெரும்பாலும் பால் விக்ஸி 1987-ல் எழுதிய கிரானின் வழிவந்தவை. டெபியன், உபுண்டுவில் இருப்பதும், ரெட் ஹாட் குடும்பத்தில் இருக்கும் கிரோனியும் அப்படித்தான். உங்கள் வேலையை இயக்கும்போது கிரான் அதன் ஸ்டாண்டர்ட் அவுட்புட் (சாதாரண வெளியீடு), ஸ்டாண்டர்ட் எரர் (பிழைச் செய்திகள்) இரண்டையும் ஒரே பைப்பில், அதாவது ஒரே குழாயில், பிடித்து வைத்துக்கொள்கிறது. அந்தப் பைப்பில் ஒரே ஒரு எழுத்து வந்தாலும் போதும், வேலை முடிந்ததும் அது மெயிலாகிவிடும். ஒன்றும் வரவில்லை என்றால் மெயில் இல்லை. நிரல் முடியும்போது தரும் எண்ணான எக்ஸிட் கோட் 0 என்றால் வெற்றி, வேறு எண் என்றால் தோல்வி என்று நாம் பழகியிருக்கிறோம் இல்லையா, அதைப் பார்த்து மெயில் அனுப்புவதா வேண்டாமா என்று இந்தக் கிரான்கள் முடிவு செய்வதில்லை. வெற்றிகரமாக முடிந்து ‘சரி’ என்று ஒரு வார்த்தை அச்சிட்ட ஸ்கிரிப்டுக்கு மெயில் வரும். தோற்றுப்போய் வாய் திறக்காமல் செத்த ஸ்கிரிப்டுக்கு வராது. மெயில் வந்தால் கோளாறு, வராவிட்டால் நலம் என்று பலரும் நம்புகிறார்கள். அந்தக் கணக்கு தானாக அமைவதில்லை, நாம்தான் ஸ்கிரிப்டை அப்படி எழுத வேண்டும்.

இதே காரணத்தால் இன்னொன்றும் நடக்கிறது. வேலை முடிந்தால்தான் மெயில் கிளம்பும். நடுவில் தொங்கிக்கொண்டு நிற்கும் ஸ்கிரிப்ட், எவ்வளவு புலம்பியிருந்தாலும், அந்தப் புலம்பல் உங்களிடம் வராது. நெட்வொர்க் டிஸ்க் ஒன்று பதில் சொல்லாமல் நின்றுவிட்டால் நகலெடுக்கும் வேலை நாள்கணக்கில் அப்படியே நிற்கும், மணிக்கு ஒன்றாக அதன் மேல் புதிய நகல்களும் சேர்ந்துகொண்டே போகும். இதற்கு இரண்டு சின்னக் கருவிகள் உண்டு. டைம்அவுட் என்ற கட்டளையை முன்னால் போட்டு இரண்டு மணி நேரம் என்று எல்லை கொடுத்தால், அதைத் தாண்டும்போது வேலையை நிறுத்திவிட்டு 124 என்ற எக்ஸிட் கோடு தரும். எஃப்லாக் என்ற கட்டளை, முந்தைய ஓட்டம் முடியாமல் அடுத்தது தொடங்காதபடி பூட்டுப் போடும்.

சரி, இப்போது உங்கள் ஐந்து நிமிட வேலை. மெயிலைத் திறந்தால் ‘எண்கள் நிறைந்த ஒரு அட்டவணை மட்டும் இருக்கிறது’ என்று எழுதியிருந்தீர்கள். அது பிழைச் செய்தி இல்லை. கர்ல் தரவிறக்கத்தின் முன்னேற்றத்தைக் காட்டும் மீட்டர் அது, ஸ்டாண்டர்ட் எரர் வழியாக வருவது. டெர்மினலில் பார்த்தால் அழகாக இருக்கும், கிரானுக்குள் அது வெறும் குப்பை. பலர் இங்கேதான் கட்டளையோடு சிறிய எழுத்து எஸ் (-s) மட்டும் கொடுத்து வாயை அடைக்கிறார்கள். அது பிழைச் செய்தியையும் சேர்த்து அடைத்துவிடும். சிறிய எஸ், பெரிய எஸ் இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள். மீட்டர் போய்விடும், பிழை வந்தால் மட்டும் பேசும். கூடவே சிறிய எஃப் கொடுங்கள். அது இல்லையென்றால் அந்தப் பக்கம் 500 பிழை தந்தாலும் கர்ல் அதை வெற்றி என்றே எடுத்துக்கொண்டு 0 தரும். எஃப் இருந்தால் 22 தரும். பக்கம் திருப்பித் தரும் உள்ளடக்கம் வேண்டாம் என்றால் அதை மட்டும் டெவ் நல்லுக்கு அனுப்புங்கள், அதில் தவறில்லை. இந்த ஒரு வரியைத் திருத்தினாலே 313-ல் 288 போய்விடும்.

டெவ் நல்லையே நான் எதிர்க்கவில்லை என்பது இதிலிருந்து புரிந்திருக்கும். வரியின் கடைசியில் வெறுமனே பெரிது-குறியும் டெவ் நல்லும் போட்டால் சாதாரண வெளியீடு மட்டும் மறைகிறது, பிழைகள் கிரானிடம் போய் மெயிலாகின்றன. பல வேலைகளுக்கு அதுவே போதும். அதன் பின்னால் 2>&1 என்பதையும் ஒட்டிவிடுகிறார்களே, அங்கேதான் பிழையும் சேர்ந்து குழிக்குள் போகிறது. இந்த இரண்டின் வரிசையும் முக்கியம். 2>&1 என்பதை முதலில் எழுதிவிட்டு அப்புறம் டெவ் நல்லுக்குத் திருப்பினால், பிழை பழைய இடத்துக்கே, அதாவது கிரானின் பைப்புக்கே போகும்; சாதாரண வெளியீடு மட்டும் மறையும். கட்டளைகளைப் படித்து இயக்கும் ஷெல் இடமிருந்து வலமாகப் படிக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

நான் இதில் ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு சிறிய நிறுவனத்தின் சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டேட்டாபேஸை டம்ப் எடுத்து (உள்ளதை முழுதாகக் கொட்டி), பைப் வழியாக, சுருக்கும் கருவியான ஜிஸிப்புக்கு அனுப்பி, தேதி போட்ட கோப்பாகச் சேமிக்கும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட். மெயில் தொல்லை தாங்காமல், கிரான்டேபில் அதை அழைக்கும் வரியின் கடைசியில் டெவ் நல், 2>&1 இரண்டையும் நான்தான் சேர்த்தேன். அப்புறம் ஒருநாள் டேட்டாபேஸின் பாஸ்வேர்டை மாற்றினார்கள். அன்றிரவிலிருந்து டம்ப் உள்ளே நுழையவே முடியாமல் தோற்றது. ஆனால் ஜிஸிப் தன் வேலையைச் சரியாகச் செய்தது: வெறுமையை அழகாகச் சுருக்கி, ஒவ்வொரு இரவும் ஒரு கோப்பு வைத்தது. கோப்புகள் இருந்தன, தேதிகள் சரியாக இருந்தன, யாரும் அளவைப் பார்க்கவில்லை. ஏறத்தாழ இரண்டு மாதம் கழித்து ஒரு டேபிளை யாரோ தவறுதலாக அழித்துவிட்டு, நேற்றைய நகலைக் கொடுங்கள் என்று கேட்டபோது திறந்து பார்த்தேன். எல்லாம் 20 பைட். ஒன்றுமில்லாததை ஜிஸிப்புக்குப் பைப்பில் கொடுத்தால் வரும் கோப்பின் அளவு அது. இன்றைக்கும் ஒரு பேக்கப் அடைவில் 20 என்ற எண்ணைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

அதில் இரண்டு தவறுகள் சேர்ந்திருந்தன. பிழைச் செய்தியை நான் விழுங்கியது ஒன்று. பைப்பில் கடைசியாக இருக்கும் கட்டளையின் எக்ஸிட் கோடுதான் முழு வரியின் எக்ஸிட் கோடாகிறது என்பது இன்னொன்று. டம்ப் தோற்றாலும் ஜிஸிப் வென்றால் ஷெல் வெற்றி என்றே சொல்லும். இதற்கு மருந்து பைப்ஃபெயில் என்ற அமைப்பு: பைப்பில் எது தோற்றாலும் மொத்தமும் தோல்வி. இதை கிரான்டேப் வரிக்குள் எழுதாதீர்கள். கிரான் உங்கள் வரியை எஸ்ஹெச் என்ற ஷெல் கொண்டு இயக்குகிறது, உபுண்டுவில் எஸ்ஹெச் என்பது டாஷ் என்ற சிறிய ஷெல், டெர்மினலில் நீங்கள் பார்க்கும் பாஷ் அல்ல. யூனிக்ஸ் வகை அமைப்புகளுக்காக 2024-ல் வந்த போசிக்ஸ் தரத்தில் பைப்ஃபெயில் சேர்ந்துவிட்டது என்றாலும், உங்கள் சர்வரில் இருக்கும் டாஷ் அதை ஏற்கும் என்று நம்பி இறங்க வேண்டாம். வேலையைத் தனி ஸ்கிரிப்டாக எழுதுங்கள், முதல் வரியில் பாஷ் என்று குறிப்பிடுங்கள், அடுத்த வரியில் பைப்ஃபெயிலைப் போடுங்கள், கிரான்டேபில் அந்த ஸ்கிரிப்டின் முழுப் பாதையை மட்டும் எழுதுங்கள்.

தனி ஸ்கிரிப்டாக்குவதில் இன்னொரு ஆதாயமும் இருக்கிறது. கிரான்டேப் வரிக்குள் சதவீதக் குறி வந்தால் கிரான் அதைப் புதிய வரி என்று எடுத்துக்கொள்ளும். தேதி போட்ட கோப்புப் பெயருக்காக டேட் கட்டளையை அங்கேயே எழுதுபவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது இதில் இடறியிருப்பார்கள். மேற்கோள் குறி மூடப்படவில்லை என்று புரியாத ஒரு மெயில் வரும். முன்னால் பின்சாய்வுக் கோடு போட்டுத் தப்பலாம், ஸ்கிரிப்டுக்குள் எழுதினால் அந்தத் தொல்லையே இல்லை. அதே போல ‘கட்டளை காணப்படவில்லை’ என்று மெயில் வந்தால், கட்டளைகளை எங்கே தேடுவது என்று சொல்லும் கிரானின் பாத் மாறி மிகச் சுருக்கமானது, அதில் பெரும்பாலும் இரண்டு பின் அடைவுகள்தான் இருக்கும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். டெர்மினலில் ஓடியது கிரானில் ஓடாததற்குப் பாதிக் காரணம் அதுதான்.

பேக்கப் கோப்பைச் சோதிக்க கோப்பு கெடாமல் இருக்கிறதா என்று பார்க்கும் ஜிஸிப்பின் டெஸ்ட் ஆப்ஷன் போதுமா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. அந்த 20 பைட் கோப்பும் அந்தச் சோதனையில் தேறிவிடும், ஏனென்றால் அது முறையான ஜிஸிப் கோப்புதான், உள்ளே ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். மைஎஸ்க்யூஎல் டம்ப், முழுதாக முடிந்தால் கடைசி வரியில் டம்ப் முடிந்தது என்று தேதியோடு ஒரு குறிப்பு எழுதும். கோப்பை விரித்து அந்தக் கடைசி வரி இருக்கிறதா என்று ஸ்கிரிப்டே பார்க்கட்டும், இல்லையென்றால் ஒரு செய்தியை அச்சிட்டு 1 என்று வெளியேறட்டும். குறிப்புகள் வேண்டாம் என்று டம்ப் கட்டளையில் நீங்களே அணைத்து வைத்திருந்தால் இந்த வரி வராது, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து குரோனிக். மோர்யூடில்ஸ் என்ற தொகுப்பில் வரும் சின்னக் கருவி, ஆப்ட் கொண்டு நிறுவலாம். கிரான்டேபில் உங்கள் ஸ்கிரிப்டுக்கு முன்னால் குரோனிக் என்று எழுதினால், அது வெளியீடு முழுவதையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஸ்கிரிப்ட் 0 தந்தால் எல்லாவற்றையும் எறிந்துவிடும். வேறு எண் தந்தால் எல்லாவற்றையும் அச்சிடும், கிரான் அதை மெயிலாக்கும். எக்ஸிட் கோடைக் கிரான் பார்ப்பதில்லை என்று மேலே சொன்னேனே, அந்தக் குறையை இது அடைக்கிறது. உங்கள் மணிநேர நகல் வேலைக்கு இது பொருத்தமானது. எந்தெந்தக் கோப்பு போனது என்று விரிவாகப் பேசட்டும், தோற்ற நாளில் அந்தப் பேச்சு முழுதும் உங்கள் கையில் இருக்கும். இரண்டு எச்சரிக்கைகள். வெளியீட்டை நினைவகத்தில் சேர்த்து வைப்பதால், பெரிய அளவில் கக்கும் வேலைக்கு ஏற்றதல்ல. அப்புறம், பைப் உள்ள வரியின் முன்னால் நேரடியாகப் போட்டால் முதல் கட்டளையை மட்டும்தான் காக்கும். அதனால் இங்கும் தனி ஸ்கிரிப்ட்தான் நல்லது. முற்றிலும் வாய் திறக்காமல் தோற்கும் ஸ்கிரிப்ட் என்றால் குரோனிக்கிடமும் அச்சிட ஒன்றும் இருக்காது, எனவே தோல்விப் பாதையில் ஒரு வரியாவது எழுதச் செய்யுங்கள். ஃப்ரீபிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி என்ற வேறு இரண்டு இயங்குதளங்களிலும் கிரான்டேபில் கட்டளைக்கு முன் மைனஸ் என் என்று எழுதினால் கிரானே இதைச் செய்துவிடும், வெற்றிக்கு மெயில் இல்லை. லினக்ஸிலும் இது இயல்பாக வந்திருக்கலாம் என்று எனக்கு ஆசை.

வெற்றிபெற்ற ஓட்டங்களின் விவரம் பிறகு தேவைப்பட்டால் அதை மெயிலில் சேமிக்க வேண்டாம். லாகர் என்ற கட்டளைக்குப் பைப் செய்தால் சர்வரின் பதிவேடான சிஸ்லாகுக்குப் போய்விடும், தேதியும் நேரமும் தானாகச் சேரும். தனிக் கோப்பில் எழுதுவதென்றால் பழைய பதிவுகளைக் கழித்துவிடும் லாக்ரொட்டேட்டில் அதைச் சேர்க்க மறக்காதீர்கள்.

மெயில் யாருக்குப் போகிறது என்பதையும் சற்றுப் பார்ப்போம். கிரான்டேபில் மெயில்டூ என்ற மாறியை எல்லாம் பெரிய எழுத்தில் எழுதி முகவரி கொடுக்கலாம், காற்புள்ளியிட்டு ஒன்றுக்கு மேலும் கொடுக்கலாம். வெற்று மேற்கோள் கொடுத்தால் மெயிலே போகாது. அதிகம் பேர் கவனிக்காத ஒன்று, இந்த மாறி தனக்குக் கீழே உள்ள வரிகளுக்குத்தான் பொருந்தும். அதனால் ஒரே கிரான்டேபில் மூன்று இடத்தில் மூன்று மெயில்டூ எழுதலாம்: பேக்கப் உங்களுக்கு, நகல் வேலை உங்கள் சக ஊழியருக்கு என்று பிரிக்கலாம். யாரோ நடுவில் வெற்று மெயில்டூ ஒன்றை எழுதிவிட்டு, அதற்குக் கீழே புதிய வேலைகளைச் சேர்த்துக்கொண்டே போவதையும் பார்த்திருக்கிறேன். மெயில் வராத சர்வரில் முதலில் தேட வேண்டியது அதைத்தான். மாறிக்குள் இன்னொரு மாறியை டாலர் குறி போட்டு எழுதினால் கிரான் அதை விரிக்காது, அப்படியே எடுத்துக்கொள்ளும்.

இப்போது அந்த இரண்டாவது சர்வர். கிரான் தானாக மெயில் அனுப்புவதில்லை, சென்ட்மெயில் என்ற பெயரில் சர்வரில் இருக்கும் நிரலிடம் கொடுக்கிறது. உபுண்டு சர்வரைக் குறைந்தபட்சமாக நிறுவினால் அப்படி எதுவும் இருக்காது. அப்போது கிரான் வெளியீட்டை எறிந்துவிட்டு சிஸ்லாகில் ‘நோ எம்டிஏ இன்ஸ்டால்ட், டிஸ்கார்டிங் அவுட்புட்’ (மெயில் அனுப்பும் நிரல் இல்லை, வெளியீட்டை எறிகிறேன்) என்று ஒரு வரி எழுதும். சிஸ்லாகில் இதைத் தேடுங்கள். இருந்தால் காரணம் அதுதான், சந்தேகமே வேண்டாம். இல்லையென்றால் இன்னும் இரண்டு இடங்கள் பாருங்கள். வார் அடைவுக்குள் மெயில் என்ற அடைவில் அந்தப் பயனர் பெயரில் ஒரு கோப்பு வளர்ந்துகொண்டிருக்கலாம். மெயில் சர்வருக்கு உள்ளேயே விநியோகமாகி, யாரும் படிக்காமல் கிடக்கிறது என்று பொருள். அப்படியானால் ஏலியஸஸ் கோப்பில் ரூட் என்ற தலைமைப் பயனருக்கு எதிரே உங்கள் முகவரியை எழுதி, நியூஏலியஸஸ் கட்டளையை ஓட்டினால் ரூட்டின் மெயில் உங்களிடம் வரும். அடுத்தது, அந்த வேலை உண்மையில் ஓடுகிறதா என்பது. கிரான் டெய்லி அடைவில் போட்ட ஸ்கிரிப்டின் பெயரில் புள்ளி இருந்தால், உதாரணமாகக் கடைசியில் புள்ளி எஸ்ஹெச் என்று இருந்தால், டெபியனிலும் உபுண்டுவிலும் அந்த அடைவை ஓட்டும் ரன்பார்ட்ஸ் அதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிவிடும். பிழை இல்லை, மெயில் இல்லை, வேலையும் இல்லை.

மெயில் வரிசை அடைத்துக்கொள்ளும் விபத்தும் நடப்பதுண்டு. போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் நிரலை நிறுவியிருந்து, அது ஓடாமல் நின்றிருந்தால், கிரான் கொடுக்கும் ஒவ்வொரு மெயிலும் அதன் மெயில்டிராப் அடைவில் ஒரு சின்னக் கோப்பாகத் தங்கும். லட்சக்கணக்கில் சேர்ந்ததும் டிஸ்கின் ஐநோடுகள் (கோப்புக்கு ஒன்று வீதம் டிஸ்க் வைத்திருக்கும் பதிவுகள்) தீர்ந்துபோகும். பாதி டிஸ்க் காலியாக இருக்கும்போதே ‘இடமில்லை’ என்று எல்லா நிரலும் கதறும். நான் இதை இரண்டு இடங்களில் சந்தித்திருக்கிறேன். டிஎஃப் கட்டளையில் மைனஸ் ஐ கொடுத்துப் பார்த்தால் நொடியில் தெரிந்துவிடும்; அது தெரியாமல் பெரிய கோப்புகளைத் தேடிக்கொண்டிருந்தால் பகல் முழுக்கப் போய்விடும்.

வெளியே அனுப்ப எதை நிறுவுவது என்பதில் என் கருத்தை மட்டும் சொல்ல முடியும், வேறு நல்ல தேர்வுகளும் உண்டு. எம்எஸ்எம்டிபி என்ற சின்ன மெயில் நிரல் அமைக்க எளிது, ஆனால் வரிசை வைத்துக்கொள்வதில்லை. அந்த நேரத்தில் நெட்வொர்க் இல்லையென்றால் அந்த மெயில் போயே போச்சு. நெட்வொர்க் கெட்டுப்போவதைச் சொல்லும் மெயில்தான் பெரும்பாலும் அப்படித் தொலையும். அதனால் நான் போஸ்ட்ஃபிக்ஸை நிறுவி, வெளியிலிருந்து எதையும் வாங்காமல், எல்லாவற்றையும், மெயிலை வாங்கி முன்னே அனுப்பும் ஒரு ரிலே சர்வருக்குக் கொடுக்கும்படி அமைக்கிறேன். அதன் இயல்பான அமைப்பில் 5 நாள்வரை திரும்பத் திரும்ப முயலும். தனிப்பட்ட ஜிமெயில் கணக்கு வழியாக அனுப்புவதென்றால் சாதாரண பாஸ்வேர்டு 2022 மே இறுதியிலிருந்து வேலை செய்யாது; இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்கி, ஆப் பாஸ்வேர்டு எடுக்க வேண்டும். நேரடியாக ஜிமெயிலுக்கு அனுப்பும் எந்த சர்வருக்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் (மெயில் அந்த டொமைனிலிருந்துதான் வந்தது என்று காட்டும் ஏற்பாடுகள்) வேண்டும் என்பது 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளின் விதி. கிரான் அனுப்பும் மெயிலில் அனுப்புநர் என்பது ரூட், அதன் பின்னால் உங்கள் சர்வரின் உள்பெயர். அந்தப் பெயர் உண்மையான டொமைனாக இல்லாவிட்டால் எதிர்முனை மறுத்துவிடும் வாய்ப்பு மிக அதிகம்.

இது சின்ன நிறுவனங்களின் பிரச்சினை மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2017 ஜனவரி 31 அன்று நிரல்களைச் சேமித்துப் பகிரும் சேவையான கிட்லேபில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் அடைவை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடினால் அது இல்லை. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6, டம்ப் எடுக்கும் நிரலோ 9.2-ஐச் சேர்ந்தது, பதிப்பு பொருந்தாமல் அது தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றால் கிரான் மெயில் அனுப்பும்படிதான் வைத்திருந்தார்கள். ஆனால் அந்த மெயில்கள் அனுப்புநரின் டொமைனைச் சோதிக்கும் டிமார்க் சரிபார்ப்பில் தேறாததால் பெறும் சர்வர் மறுத்துவிட்டது, யாருக்கும் தெரியவில்லை. ஏறத்தாழ 6 மணி நேரத்துக்கு முன் வேறொரு தேவைக்காகக் கையால் எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நொடியின் நகல்) இருந்ததால் அதிலிருந்து மீட்டார்கள், இடைப்பட்ட நேரத்தின் தரவு போனது. இதையெல்லாம் அவர்களே ஒளிவுமறைவில்லாமல் எழுதி வெளியிட்டார்கள், அந்த நேர்மையால் நாமும் கற்றுக்கொள்ள முடிகிறது. அங்கே வேலை தோற்றது, தோல்வியைச் சொல்லும் வழியும் தோற்றது. உங்கள் இரண்டாவது சர்வரும் இன்று அதே நிலையில் நிற்கக்கூடும்.

அதனால் பேக்கப் போன்ற வேலைகளுக்கு மெயில் மட்டும் போதாது. சர்வரே அணைந்துபோனால், பின்னணியில் ஓடும் கிரான் டீமன் நின்றுபோனால், யாரோ அந்த வரியையே நீக்கிவிட்டால் தோல்வி மெயில் அனுப்ப ஆளே இல்லை. இதற்கு எதிர்த்திசையில் ஓர் ஏற்பாடு வேண்டும்: வேலை வெற்றிகரமாக முடிந்ததும் வெளியே இருக்கும் ஒரு சேவைக்கு ‘நான் முடித்துவிட்டேன்’ என்று தகவல் போகட்டும், குறித்த நேரத்துக்குள் அது வராவிட்டால் அந்தச் சேவை உங்களை எழுப்பட்டும். ஹெல்த்செக்ஸ் போன்ற சேவைகள் இதற்காகவே இருக்கின்றன. அதன் மூலநிரல் திறந்தது என்பதால் நீங்களே வேறொரு சர்வரில் நிறுவிக்கொள்ளவும் முடியும். ஸ்கிரிப்டின் கடைசி வரியில் ஒரு கர்ல், அவ்வளவுதான். மேலே சொன்ன எஸ்களோடு, பத்து நொடி எல்லையும் கொடுத்து எழுதுங்கள். தகவல் சொல்லும் வரி தொங்கி பேக்கப்பைத் தொங்கவிடக் கூடாது. ஒரே சர்வரில் அந்தக் காவலையும் வைக்க வேண்டாம், வைத்தால் இரண்டும் சேர்ந்து அணையும்.

உங்கள் ஐந்து நிமிட வேலைக்கும் இதுவே ஏற்றது என்று நினைக்கிறேன். அந்த வலைமுகவரி இரவெல்லாம் கிடைக்காமல் போனால் காலைக்குள் நூறு மெயில் வந்துவிடும், நூறு மெயில் வந்தால் அதில் ஒன்றான பேக்கப் மெயில் கண்ணில் படாது. காவல் சேவை ஒருமுறை விழுந்தது என்று சொல்லும், ஒருமுறை எழுந்தது என்று சொல்லும்.

கிரானுக்குப் பதிலாக, லினக்ஸின் சேவை நிர்வாகியான சிஸ்டம்டியின் டைமருக்கு மாறலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். தாராளமாக மாறலாம், வெளியீடு முழுதும் அதன் பதிவேடான ஜர்னலில் ஒழுங்காகச் சேரும், முந்தைய ஓட்டம் முடியாமல் அடுத்தது தொடங்காது. ஆனால் அது தானாக மெயில் அனுப்பாது. ஆன்ஃபெயிலியர் என்ற வரியில் மெயில் அனுப்பும் இன்னொரு யூனிட்டை நீங்களே எழுதிச் சேர்க்க வேண்டும். மூன்று வேலைக்காக அவசரப்பட்டு மாற வேண்டியதில்லை என்பது என் எண்ணம். ஐம்பது வேலை இருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். சோலாரிஸ், ஏஐஎக்ஸ் போன்ற யூனிக்ஸ்களின் பக்கம் நான் வேலை செய்ததில்லை, அங்கிருப்பவர்கள் மெயில்டூ பற்றி நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் தங்கள் மேன் பக்கத்தை (கட்டளைக்கான கையேட்டை) பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கே செய்யக்கூடியது: முதலில் பேக்கப் அடைவுக்குப் போய்க் கோப்புகளின் அளவைப் பாருங்கள், இரண்டு சர்வரிலும். அப்புறம் இரண்டு சர்வரின் கிரான்டேபிலும் ஐந்து நட்சத்திரம் போட்டு (ஒவ்வொரு நிமிடமும் ஓடு என்று பொருள்), ‘சோதனை’ என்று எக்கோ செய்யும் ஒரு வரியைச் சேருங்கள். ஒரு நிமிடத்தில் மெயில் வர வேண்டும். முதல் சர்வரில் வந்ததும் அதே வரியை குரோனிக்கோடு, கடைசியில் எக்ஸிட் 1 வருகிற ஒரு சின்ன ஸ்கிரிப்டாக மாற்றிப் பாருங்கள், அப்போதும் வர வேண்டும். எக்ஸிட் 0 ஆக்கினால் நிற்க வேண்டும். முடிந்ததும் அந்த வரியை எடுத்துவிடுங்கள். இரண்டாவது சர்வரில் வரவில்லை என்றால் சிஸ்லாகில் அந்த நிமிடத்துக்குரிய கிரான் வரிகளை இங்கே ஒட்டுங்கள், பார்க்கிறேன்.